இரட்டைப் பூட்டுக்குள் வீரியம் குறைந்த ரம்

ஓர் அறைக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி அரசு அலுவலரிடம், மற்றொன்று உரிமம் பெற்றவரிடம். இரண்டும் சேராமல் கதவு திறக்காது. உள்ளே மரப்பீப்பாயில் வைத்த ரம்மின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதன் வீரியம் மட்டும் குறைந்துவிட்டது. அப்படியென்றால் திருடியது யார்?

கலால் பணியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பழைய விடுதியில் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. வேதியியல் பட்டமும் பணி அனுபவமும் சேர்ந்து எனக்கு ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தன. அந்த விடை ஒரு மனிதனின் பிழைப்பைப் பறித்திருக்கும். அது தவறான விடை என்பதை எனக்குக் காட்டியது ஒரு கட்டடம்.

சென்ற மாதம் எங்கள் பவானிபூர் வீட்டுக்கு இளைய அலுவலர்கள் இருவர் வந்திருந்தார்கள். இனி இரட்டைப் பூட்டு முறையே இருக்காது, குழாய்களில் பொருத்தும் கருவிகள் அளவையும் வீரியத்தையும் நேராக அலுவலகக் கணினிக்கு அனுப்பிவிடும் என்றார்கள். “கருவி பொய் சொல்லாது, மேடம்” என்றார் ஒருவர். எங்கள் காலத்துக் கருவிகளும் பொய் சொல்லவில்லை. அவை சொன்ன எண்ணுக்கு நாங்கள் கொடுத்த பொருள்தான் பொய்யாகிப் போனது. அதை எழுதித் தரும்படி அவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். வடிசாலையில் சில மாதங்கள், வரி செலுத்துமுன் சரக்கைப் பூட்டி வைக்கும் கிடங்குகளில் சில மாதங்கள், ஆய்வகத்தில் ஓர் ஆண்டு. மது தொடர்பான வேலைக்குப் பெண் போகலாமா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். பயிற்சியின்போது ஒரு மருத்துவமனைக் கூடத்தில், கள்ளச்சாராயம் குடித்துக் கண்பார்வை இழந்த கூலித் தொழிலாளி ஒருவர் தம் மனைவியின் முகத்தைக் கையால் தடவித் தேடியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த வேலையின் நியாயத்தைப் பற்றி எனக்கு ஐயம் எழவில்லை. மது இருக்கத்தான் போகிறது. அதற்கும் வறியவர் வீட்டுக்கும் நடுவில் யாராவது நின்றாக வேண்டும்.

பயிற்சியில் கற்றவற்றில் இரண்டு விதிகள் புத்தகத்தில் இருந்தன: வெப்பநிலையைக் குறிக்காமல் வீரியத்தைக் குறிக்காதே, வீரியத்தைக் காட்டும் திரவமானியை மேலிருந்து பார்க்காதே, கண் திரவத்தின் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மூன்றாவது விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை, வாய்வழியாக வந்தது. அளவு குறைந்து வீரியம் நிலைத்திருந்தால் கசிவு. அளவு நிலைத்து வீரியம் குறைந்தால் யாரோ ரம்மை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வாய்ப்பாட்டைப் போல இதைச் சொல்வோம். எனக்குப் பின் வந்தவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுத்தேன்.

என் மேலதிகாரி கோஷ் பாபுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. பீப்பாயின் அருகே சென்றதும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்; அளக்கும்போது நேரம் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வெப்பமானியைத் தம் கைக்குட்டையால் துடைப்பார், அரசு தந்த துணியை நம்பமாட்டார். மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றியபின், குமிழி ஒவ்வொன்றும் மேலேறி உடையும் வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு அவரும் நானும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி, மடித்து, ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குடுவையைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஒருமுறை மே மாத வெயிலில், தகரக் கூரையின் கீழ், ஒரே பீப்பாயை ஐந்து முறை அளந்தோம். ஐந்தாவது முறை ஒத்துப்போனதும், “இப்போ டீ குடிக்கலாம், மிஸஸ் சுந்தரம்” என்றார்.

இனி அந்த விடுதி. கப்பலில் வந்து இறங்கிய பயணிகள், அடுத்த கப்பலுக்கோ ரயிலுக்கோ காத்திருக்கும் நாள்களில் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. மாடியில் பன்னிரண்டு அறைகள், கீழே நீண்ட கூடம், அதற்கும் கீழே நான்கு படி இறங்கினால், அந்தக் காலத்தில் மதுப்பீப்பாய்கள் வைத்த, வளைவுக் கூரை கொண்ட நிலவறை. கப்பல் பயணம் ஓய்ந்தபின் விடுதியும் ஓய்ந்து, சணல் மூட்டைகளும் பழைய காகிதக் கட்டுகளும் அடைபட்ட கிடங்காயிற்று. அதன் வாரிசு இந்திராணி சர்க்கார் பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். விடுதியை மீட்டு, கூடத்தை ரம் சுவைக்கூடமாக்கி, நிலவறையில் பீப்பாய்களில் ரம்மை முதிரவைத்துப் பரிமாற வேண்டும் என்று உரிமம் கேட்டார். இது நடந்தது இரண்டாயிரங்களின் முதல் சில ஆண்டுகளில்.

விண்ணப்பத்தை ஆராய நான் முதன்முதலாகச் சென்றபோது கொத்தனார்கள் சுவரின் சிமெண்டுப் பூச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ பூசிய சிமெண்டு பாளம் பாளமாக விழுந்தது. அதன் பின்னாலிருந்த செங்கல் சுவர், மூச்சடைத்திருந்த ஒருவர் விடுபட்டதுபோல, வியர்த்தது. சொல்லணியாகச் சொல்லவில்லை. என் கண்ணெதிரே சுவரில் ஈரம் அரும்பியது. “சுண்ணாம்பும் செங்கல்தூளும் சேர்த்துத்தான் திரும்பவும் பூசணும் தீதி. இந்தச் சுவருக்கு சிமெண்ட் ஒத்துக்காது. ஆத்தோட ஈரம் வரும், போகும். அதுபாட்டுக்கு விட்டுடணும்” என்றார் தலைமைக் கொத்தனார், என்னை வங்காள வழக்கப்படி அக்கா என்று அழைத்து. நிலவறைச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், பக்கத்திலுள்ள தாழ்வான சந்தைப் பார்த்து வரிசையாகச் சிறு கம்பித் துளைகள் இருந்தன. மேலே வைக்க வேண்டிய காற்றுத்துளையைக் கீழே ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. “வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருப்பான்” என்று சொல்லி, அவற்றை அடைக்காமல் தூசி தட்டிவிட்டார்.

உரிமம் வழங்க நான் தயங்கினேன். அந்தச் சந்திலேயே கூலித் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. இந்திராணியிடம் நேராகவே கேட்டேன்: “நீங்க பள்ளிக்கூட டீச்சர். இதை ஏன் பண்றீங்க?”

“இந்த வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்ட மூணு பேர் கேட்டாச்சு. இங்க வேலை பார்க்குற ஒன்பது பேரை எந்த அடுக்குமாடியில வைக்கிறது? லைப்ரரி வைக்கலாம்னு ஆசைதான். லைப்ரரி கூரையைத் தாங்குமா, சொல்லுங்க” என்றார்.

நான் வைத்த நிபந்தனைகளை அவர் வாதாடாமல் ஏற்றார். தெருவைப் பார்த்து விளம்பரப் பலகை கூடாது. புட்டியாக விற்கக் கூடாது. ஒருவருக்கு மூன்று சிறு கோப்பைகளுக்கு மேல் ஊற்றக் கூடாது. பொரியும் தண்ணீரும் மேசையில் எப்போதும் இருக்க வேண்டும். திறப்பு நாள் மாலை, கண்காணிப்பதற்காகக் கூடத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். ஒரே வாயில் கவிழ்த்துவிட்டு அடுத்ததைக் கேட்பவர்களையே என் பணியில் பார்த்திருந்தேன். இங்கே பதினாறு பேர் மெல்லிய கோப்பையை மூக்கருகே பிடித்தபடி, ஒரு சொட்டும் பருகாமல், கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவர்கள்போல நின்றார்கள். மேலே சுண்ணாம்புக் கூரை விளக்கொளியில் பால்நிறமாகத் தெரிந்தது. நான் மதுவைச் சுவைத்தவள் அல்லள். சுவைக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அந்த அமைதிக்கு முன்னால் என் தயக்கம் சற்றுக் கூச்சப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நிலவறையின் காப்பாளர் சூசை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய தந்தை கப்பலில் சமையல்காரராக வந்து, இந்த விடுதியின் அடுப்படியில் தங்கிவிட்டவர். ஐம்பதைத் தொடும் வயது. வங்காளிகளுக்கு அவர் சூசைதா, அதாவது சூசை அண்ணன். ஒரு காலத்தில் குடியால் துறைமுக வேலையை இழந்தவர். பதினோரு ஆண்டுகளாகத் தொடுவதில்லை. அவரையா பீப்பாய்க்குக் காவல் வைப்பது என்று நான் கேட்டபோது இந்திராணி சிரித்தார். கழுவிக் கவிழ்த்த மூன்று கோப்பைகளைச் சூசையிடம் கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரே முறை முகர்ந்து, எது எந்தப் பீப்பாயின் ரம்மைத் தாங்கியது என்று தவறாமல் சொன்னார்.

“வாய் போனதுக்குப் பொறவு மூக்கு வந்துட்டு, மேடம்” என்றார் சூசை.

ஒரு சாவி சூசையிடம். மற்றொரு சாவி என்னிடம். செவ்வாய்க்கிழமை தோறும் என் சார்பில் காவலர் மண்டல் சாவியோடு செல்வார். இருவரும் சேர்ந்து திறப்பார்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை அளந்தெடுத்து, பதிவேட்டில் எழுதி, பூட்டி, அரக்கு முத்திரை வைப்பார்கள். கதவு திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே போவதும் வெளியே வருவதும் எல்லாம் பதிவாக வேண்டும்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் முதல் அரையாண்டு அளவீடு வந்தது. கோஷ் பாபு கடிகாரத்தைக் கழற்றினார். எட்டுப் பீப்பாய்கள். எடுத்ததைக் கழித்துப் பார்த்தால், மரம் வழக்கமாகக் குடிக்கும் சிறு கழிவுக்கு மேல் அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீரியம் எட்டிலும் குறைந்திருந்தது, சிலவற்றில் இரண்டு பாகை வரை. சீட்டுகளை மாற்றிக்கொண்டோம். முதல் முறையே ஒத்துப்போயின. ஒத்துப்போகாதா என்று நான் ஏங்கிய முதல் நாள் அது.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மரப்பீப்பாயில் கிடக்கும் ரம்மில் மரத்தின் சாறு கரையும். சாறு கரைந்தால் திரவமானி உள்ளதைவிடக் குறைவான வீரியத்தைக் காட்டும். எனவே மாதிரிகளை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, காய்ச்சி வடித்து, சாற்றை நீக்கியபின் மறுபடி அளந்தேன். திரவமானியின் மயக்கம் சிறிதளவே இருந்தது. குறைவு உண்மையானது.

மண்டல் எழுதிய பதிவேட்டை அன்று மாலை புரட்டினேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரே வரி இருந்தது: ‘காப்பாளர் சூசை ஒரு வாளி தண்ணீர் உள்ளே கொண்டுபோனார்.’ திரும்பி வந்தது வெறும் வாளி.

அளவு நிலைத்திருக்கிறது, வீரியம் குறைந்திருக்கிறது, வாளி உள்ளே போயிருக்கிறது. எங்கள் வாய்ப்பாட்டின்படி இதற்கு மேல் சான்று தேவையே இல்லை. குற்றம் உறுதியானால் சூசை மீது வழக்கு, விடுதியின் உரிமம் ரத்து, மற்ற எட்டுப் பேரும் தெருவில். கோஷ் பாபு அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையால் ‘சந்தேகம்’ என்று எழுதிவிட்டு, தம் அறைக்கு என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“மிஸஸ் சுந்தரம், இன்னொன்னும் சொல்லணும். கேண்டீன்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அந்த நிலவறையோட ரெண்டு சாவியும் தமிழ்லதான் பேசிக்குதாம்.”

“நீங்களும் அப்படி நினைக்கிறீங்களா, சார்?”

“நான் நினைக்கிறதில்ல. எண்ணைப் பார்க்கிறேன். எண் அந்த ஆளுக்கு எதிரா இருக்கு. உங்க பேர்ல சந்தேகம் வராம இருக்கணும்னா அறிக்கையை நீங்களே எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

வியாழக்கிழமை காலை விடுதிக்குச் சென்றேன். சூசையிடமிருந்து சாவி வாங்கப்பட்டு, அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அவர் விடுதிக்குள் நுழையும்போது மண்டல் அவருடைய வாயை முகர்ந்து பார்த்தாராம். மண்டலே சங்கடத்தோடு இதை என்னிடம் சொன்னார்: “மேல இருந்து உத்தரவு தீதி. சூசைதா வாயில வெத்தலை வாசனைதான் வந்துச்சு. எனக்கே வெட்கமாப் போச்சு.”

நான் சூசைக்கு எதிரே முக்காலியில் அமர்ந்தேன்.

“வாளியில தண்ணி எதுக்கு கொண்டுபோனீங்க?”

“தரையில தெளிக்க மேடம். பீப்பா மேலயும் கொஞ்சம் தெளிப்பேன். மரம் காஞ்சா வாய் தொறந்துரும்லா. எங்கய்யா சொல்லுவாவ, வள்ளத்த கரையில ஏத்திப் போட்டாலும் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும்னு. இல்லாட்டி பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வெரலு போவும்.”

“உள்ளே ஊத்தலையே?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகத்தான் பேசினார்.

“மேடம், நீங்க படிச்சவிய. நான் குடிச்சா என் வாயில வாசம் அடிக்கணும். தெனமும் மோந்து பாக்காவ, அடிக்கல. ஆனா அந்தச் சந்துல போயி செவுத்த மோந்து பாருங்க. எப்பப் பாத்தாலும் வாசம் அடிக்கு. வெளிய போறதுதான உள்ள கொறையும்? நான் செவுத்த எப்படிப் புடிச்சு நிறுத்துவேன்?”

உடனே சந்துக்குப் போனேன். கண்ணியமான உடையில் ஒரு பெண் அதிகாரி முழங்காலிட்டுச் சுவரை முகர்வதைக் கண்டு எதிரே இருந்த டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்: “என்ன தீதி, நீங்களும் சேர்ந்துட்டீங்களா? எங்க வாடிக்கைக்காரங்க அங்கதான் முதுகைச் சாய்ச்சு உட்காருவாங்க. ஓசியில நோலேன் குர் வாசனை!” குளிர்காலத்தில் வங்காளிகள் உயிரை விடும் புது ஈச்சவெல்லம் அது. கம்பித் துளைகளின் வழியே அதைப் போன்ற இனிய வாசனை கனமாக, தரையோடு தரையாக, வெளியே வழிந்துகொண்டிருந்தது. காற்றைவிடக் கனமான ஆவி கீழே தங்கும் என்பதைப் பெயர் தெரியாத அந்தக் கட்டடக்காரர் அறிந்திருந்தார். காற்றுத்துளையைக் கீழே வைத்த காரணம் அதுதான்.

அந்தச் சந்தில் முழங்காலிட்டிருந்தபோதுதான், கல்லூரியில் முதலாண்டு மாணவியும் சொல்லிவிடக்கூடிய ஓர் உண்மை என்னை வந்தடைந்தது. மழைநாளில் துணி உலராது; காற்று ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்திருப்பதால், துணியின் தண்ணீருக்கு அங்கே இடமில்லை. அந்த நிலவறையிலும் தண்ணீருக்கு இடமில்லை. ஆற்றின் ஈரமும் சுவரின் ஈரமும் சூசை தெளித்த ஈரமும் அங்கே நிறைந்திருந்தன. மரத்தின் நுண்துளைகள் வழியே பீப்பாயிலிருந்து தண்ணீர் வெளியேற வழியில்லை. வெளியேற முடிந்தது ரம்மின் வீரியமான சாராயம் மட்டுமே. அளவு பெரிதும் குறையாது, வீரியம் குறையும். தண்ணீர் கலந்ததுபோலவே தெரியும். நாங்கள் பயின்ற கிடங்குகள் எல்லாம் வெயில் காயும் தகரக் கூரைக் கிடங்குகள். அங்கே பிறந்த விதியை இங்கே கொண்டுவந்து ஒரு மனிதரின் கழுத்தில் மாட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் கொண்டுபோனது குற்ற அறிக்கை அன்று. ஒரு சோதனைக்கான வேண்டுகோள். கோஷ் பாபு அதை இருமுறை படித்தார்.

“இது சரியா இருக்கலாம். ஒரு தமிழச்சி இன்னொரு தமிழனைக் காப்பாத்தக் கட்டின கதையாவும் இருக்கலாம்” என்றார்.

“அதனாலதான் சார், சோதனையில என் கையும் வேண்டாம், சூசை கையும் வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே செய்யுங்க.”

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். “தண்ணி தெளிக்கிறது?”

“அதுவும்தான், சார்.”

துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் ஒரே தொட்டியிலிருந்து நான்கு சிறு பீப்பாய்கள் நிரப்பப்பட்டன. இரண்டு நிலவறையில், இரண்டு மொட்டைமாடியை ஒட்டிய, வெயில் காயும் அறையில். நான்கின் வாய்களிலும் கோஷ் பாபு தம் சொந்த மோதிரத்தை அரக்கில் அழுத்தி முத்திரை வைத்தார். இரண்டு அறைகளின் எல்லாச் சாவிகளையும் தாமே எடுத்துக்கொண்டார். அதன்பின் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தச் சந்து ஓர் அதிசயத்தைக் கண்டது. நூற்றுக்கணக்கான கிடங்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, வாளியைத் தூக்கியபடி நான்கு படி இறங்கினார். டீக்கடையிலிருந்து, “பாபு, நம்ம கடையிலயும் கொஞ்சம் தெளிச்சுட்டுப் போங்க!” என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அளக்கப் போகாத நாளிலும் வாசலிலேயே கடிகாரத்தைக் கழற்றுவதைக் கவனித்தேன்.

அந்த மாதங்கள் சூசைக்கு எளிதாக இல்லை. சுவைக்கூடம் மூடிக் கிடந்தது. இந்திராணி ஒன்பது பேரையும் வைத்துக்கொண்டு, கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டுச் சமாளித்தார். சந்தில் சிலர் சூசையைப் பார்த்ததும் கட்டைவிரலை வாய்க்குக் காட்டுவார்களாம். “பழைய சூசையா இருந்தா இதுக்கே குடிச்சிருப்பேன் மேடம்” என்று ஒருநாள் சொன்னார். சோதனை தோற்றால் அறிக்கையில் கையெழுத்திட வேண்டியவள் நான்.

வங்காளத்தில் தை, மாசி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் திறந்தோம். வங்காளக் குளிர்காலத்தின் வறண்ட காற்று அப்போதும் வீசிக்கொண்டிருந்தது. முதலில் மாடி. அரக்கு உடையாமல் இருந்தது. அளவுகோலை இறக்கியதும் கோஷ் பாபு புருவத்தை உயர்த்தினார். திரவம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. வெப்பநிலை. குமிழிகள் அடங்கும் வரை காத்திருப்பு. சீட்டு. வீரியம் ஏறியிருந்தது. யாரும் தொடாத பீப்பாயில், யாரும் எதையும் சேர்க்காமல், ரம் முன்னைவிட வீரியம் கூடியதாகியிருந்தது.

பிறகு நிலவறை. அரக்கில் அவருடைய மோதிரத்தின் பூ வேலைப்பாடு கூடச் சிதையவில்லை. அளவுகோல் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நனைந்தது. அவர் குடுவைக்கு முன் குனிந்தார். வளைவுக் கூரையின் கீழே, சுவர் ஈரமாக மின்ன, ஆற்றில் ஒரு படகின் சங்கொலி மெல்லக் கேட்டது. சீட்டுகளை மாற்றிக்கொண்டோம். இருவர் எழுதியதும் ஒன்றே. வீரியம் ஒரு பாகைக்கும் மேலே குறைந்திருந்தது.

கோஷ் பாபு குடுவையைக் கவிழ்த்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி காத்தார். மூன்றாவது முறையும் அதே எண் வந்ததும், ஈரமான கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒரே தொட்டி. ஒரே நாள். மாடி தண்ணியைக் குடிச்சிருக்கு. நிலவறை சாராயத்தைக் குடிச்சிருக்கு” என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து வளைவுக் கூரையைப் பார்த்தார். “ஆரே பாபா! இருபத்தெட்டு வருஷமா நான் பூட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

அன்று அந்த நிலவறையில் நான் உணர்ந்ததை வியப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டு பூட்டும் முத்திரையும் காவலும் போட்டு, எல்லாவற்றையும் அடைத்துவிட்டதாக நினைத்திருந்தோம். அந்தச் சுவர்களோ அத்தனை காலமும் ஆற்றோடு மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தன. உள்ளே நாங்கள் வைத்ததில் தம் பங்கை அமைதியாக எடுத்துக்கொண்டன. ஆய்வகம் மறுநாள் எல்லா எண்களையும் உறுதிசெய்தது.

கோஷ் பாபு நேராகச் சமையலறைக்குப் போனார். அதுவரை சூசையை ‘நீ’ என்றே அழைத்தவர். “சூசை பாபு, உங்க மேல தப்பில்ல. நிலவறை ஈரத்தாலதான் குறைஞ்சது. நீங்க தெளிச்ச தண்ணி பீப்பாய்க்குள்ள போகல, காத்துல போயிருக்கு. நாங்க அவசரப்பட்டுட்டோம்” என்று வங்காளத்தில் சொல்லி, சாவியை நீட்டினார்.

சூசை சாவியை வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“மேடம், சாவி இருக்கட்டும். வாயால சொன்னது இந்தச் சந்து தாண்டாது. அந்த நோட்டுல என் பேரு எழுதியிருக்கு. வாளி எழுதியிருக்கு. ‘சந்தேகம்’னு செவப்பு மையில எழுதியிருக்கு. எனக்கு வேற வேல கெடைக்காதுன்னு இல்ல. என் பேரு அப்படியே கெடக்கக் கூடாது.”

நான் அதை மொழிபெயர்த்தேன். பதிவேட்டில் எழுதியதை அழிக்க விதி இடம் தராது. ஒற்றைக் கோடு கிழித்து, காரணம் எழுதி, கையொப்பமிடலாம். மேலதிகாரி ஒருவர் தம் சொந்தக் கைக்குறிப்பைக் கோடிட்டு நீக்கியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. கோஷ் பாபு சமையலறை மேசையில், உருளைக்கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டு, அதே பக்கத்தில், அதே சிவப்பு மையால் கோடிட்டார். ‘காப்பாளர் குற்றமற்றவர். குறைவுக்குக் காரணம் நிலவறையின் ஈரம். எம் முடிவு பிழை’ என்று எழுதினார். கீழே நானும் கையொப்பமிட்டேன். சூசை அந்த வரிகளைப் படித்துக் காட்டச் சொன்னார். மண்டல் வங்காளத்தில் உரக்கப் படித்தார். அதன்பின் சூசை சாவியை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அத்துடன் முடியவில்லை. அலுவலகத்தின் பழைய அறிக்கைகளை எடுத்து, ஆற்றங்கரைக் கிடங்குகளைப் பற்றியவற்றைத் தனியே பிரித்தேன். ‘அளவு மாறவில்லை, வீரியம் குறைவு, எனவே தண்ணீர் கலப்பு’ என்று முடியும் அறிக்கைகள் ஐந்து இருந்தன. இரண்டில் என் கையொப்பம். ஐவரும் வேலை இழந்திருந்தார்கள். அவர்களில் யார் திருடினார், யார் திருடவில்லை என்று இனி எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. மறு விசாரணை வேண்டி எழுதினேன். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. நான் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் இறந்துபோயிருந்தார். மற்றவரை ஹவுராவில் தேடிக் கண்டுபிடித்தேன். கதவருகே நின்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “இப்போ சொல்றீங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரிடம் நான் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

அதன்பின் மாறியவை இவை. எங்கள் அளவீட்டுப் படிவத்தில், வெப்பநிலைக்குப் பக்கத்தில், அறையின் ஈரப்பதத்துக்கு ஒரு கட்டம் சேர்ந்தது. வீரியக் குறைவை மட்டும் காரணமாகக் காட்டி யார் மீதும் குற்றம் எழுதுவதற்கு முன், அதே அறையில் முத்திரையிட்ட ஒரு பீப்பாயை ஒரு பருவம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. நான் ஓய்வு பெறும் வரை, அந்தச் சோதனை இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு காப்பாளர்கூட நீக்கப்படவில்லை. சூசை தம் அறுபதாம் வயது வரை அந்த நிலவறையின் சாவியை வைத்திருந்தார். தரையில் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்தவில்லை.